இரண்டாவது வேண்டுதல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு சாயங்காலம் அதுவே சொட்டச் சொட்ட நனைந்து வீட்டு வாசலில் வந்து நின்றது. பாதிக் கதை என் அண்ணன், மீதிக் கதை என் வீட்டுக்காரர்.

வெளியே மழை இல்லை. இரண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை. வீட்டுக்காரருக்குச் சட்டைக் காலர் கிழிந்து தொங்கியது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்.

"தண்ணியா?" என்று கேட்டேன்.

"தண்ணிதான். ஆனா நீ நெனைக்கற தண்ணி இல்ல" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. அது சிரிப்பே இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்போது நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பனிமலையில் மாட்டிக்கொண்ட நாலு பேர் உயிர் தப்புகிற கதை. நான் பனியைப் பார்த்த ஒரே இடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு. பகலெல்லாம் அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவள், வீட்டுக்கு வந்து பிழைத்தவர்களைப் பற்றி எழுதலாமே என்று ஒரு தைரியம்தான். அந்த நாவலுக்கு இரண்டு தூண்கள்: பயம், பக்தி. பக்தி உள்ளவன் பயப்பட மாட்டான். பக்தி இல்லாதவன் நடுங்கிக்கொண்டே இருப்பான். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் மண்டியிடுவான். உடனே மேகம் விலகி வெயில் வரும். அந்த இடத்தை எழுதிவிட்டு நானே அழுதிருக்கிறேன்.

அவர்கள் இருவரும் நனைந்து வந்து நின்ற பிறகு அந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு வரிகூட நிஜமில்லை.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன். எதையும் மறைக்கப் போவதில்லை.

முதலாவது: "தொட்டிக்குள் இருட்டு ஒரு கொடிய மிருகத்தைப் போல"

[இத்தோடு நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "இருட்டு எங்க இருந்துச்சு? மேல மூடி தெறந்துதான் கெடந்துச்சு. நல்லா வெளிச்சமா இருந்துச்சு. அதான் கஷ்டமே" என்றார்.]

இரண்டாவது: "மரணம் என்பது"

[எனக்குத் தெரியாது.]

மூன்றாவது: "அன்றைக்கு மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல்."

இது சரி. இதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

3

ஆரம்பிக்கும் முன் பெயர்ச் சிக்கல் ஒன்றைத் தீர்க்க வேண்டும். என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே இருவரும் சிநேகிதர்கள், வா போ என்ற பேச்சுதான். நடந்ததை அவர்கள் எனக்குச் சொன்னபோது, "மச்சான் கத்துனான், அதுக்கு மச்சான் சொன்னான், உடனே மச்சான் முங்கிட்டான்" என்று போயிற்று. யார் கத்தினார், யார் முங்கினார் என்று பிரித்தெடுப்பதற்குள் எனக்கே மூச்சு முட்டியது.

ஆகவே வேலையிடத்துப் பட்டப்பெயர்களை எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் 'பக்தர்'. கும்பிடாமல் ஒரு தொட்டிக்குள் கால் வைக்க மாட்டார். வீட்டுக்காரர் 'வக்கீல்'. கோர்ட் படி ஏறியதில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் எதிர்க்கட்சி. கடவுள் விஷயத்தில் இன்னும் மோசம். இரண்டு பேருக்கும் தொழில் ஒன்றுதான்: பெரிய கட்டடங்களின் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்வது.

இன்னொன்று. கதைக்குள் பக்தரை 'அவர்' என்றும் வக்கீலை 'அவன்' என்றும் எழுதப் போகிறேன். படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதுதான் காரணம். வீட்டில் எனக்கு இந்த உரிமை கிடையாது.

4

அன்றைக்கு மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல்.

மூன்றாவது ஆளின் வேலை மேலே நிற்பது. தொட்டிக்கு வெளியே, கூரையில், திறப்புக்குப் பக்கத்தில் கயிற்றோடு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வெட்டி வேலையாகத் தெரியும்.

"ஆள் இல்லாம எறங்க வேண்டாம், நாளைக்கு வரலாம்" என்றான் வக்கீல்.

"சின்ன வேலைதான் மச்சான். கும்பிட்டாச்சு, வா" என்றார் பக்தர்.

அது ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் தொட்டி. தூண்கள் மேல் நிற்கும் பெரிய சிமெண்டு உருளை. வெளியே சுற்றிச் சுற்றிப் போகும் இரும்புப் படிக்கட்டு. கூரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சதுரத் திறப்பு. உள்ளே இறங்கச் சுவரோடு பதித்த இரும்பு ஏணி. உள்ளே மூன்று ஆள் உயரம் இருக்கும். கீழே தரையில் ஒரு மோட்டார் அறை. காலை ஷிப்ட் மோட்டார்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்கள். சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவி விட்டார்கள். வெளியேறும் குழாய்கள் எல்லாவற்றையும் கீழே போய் மூடிவிட்டு வந்தான் வக்கீல். சாமான்களை எடுத்துக்கொண்டு ஏற வேண்டியதுதான் பாக்கி. போன் இரண்டும் மேலே பையில், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

பக்தர் முதலில் ஏறினார். பாதி ஏறியதும் சுவரிலிருந்து ஏணியின் மேல் ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. துருப்பிடித்த இரும்பு, சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஏணியும் பக்தரும் சேர்ந்து விழுந்தார்கள். பக்தர் எழுந்துவிட்டார். ஏணி இரண்டாக உடைந்து கிடந்தது.

நீளமான துண்டைச் சுவரில் சாய்த்து, ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள். கழுவிய தரை, வழவழவென்று இருந்தது. ஏணி வழுக்கியது. மறுபடி வைத்தார்கள். மறுபடி வழுக்கியது.

"நல்லா கழுவியிருக்கோம்" என்றான் வக்கீல்.

[இந்த நகைச்சுவையை நான் சேர்க்கவில்லை. அவன் நிஜமாகவே சொன்னது.]

கத்தினார்கள். தொட்டி அவர்கள் குரலை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. பரவாயில்லை, யாராவது தேடி வருவார்கள் என்று உட்கார்ந்தார்கள். பக்தர் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார். வக்கீல் தொட்டியின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே ஷிப்ட் மாறியது. காலைக்காரர் வீட்டில் அவசரம் என்று கிளம்பிவிட்டார். மத்தியானக்காரர் தாமதமாக வந்தார். இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. வந்தவர் அறையில் இருந்த அளவுமானியில் தொட்டி காலி என்று கண்டார். எந்த மோட்டார்காரரும் செய்வதைச் செய்தார்.

கூரைக்குக் கொஞ்சம் கீழே இருந்த குழாய் வாயில் முதலில் காற்று வந்தது. பிறகு தொடை கனத்துக்குத் தண்ணீர்.

5

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தண்ணீர் முழங்காலுக்கு வரும் வரை நேரம் இருக்கிறது.

என் நாவலில் பயம் என்றால் பல் கிட்டிக்கும், இதயம் அடித்துக்கொள்ளும், நெற்றியில் வியர்வை பூக்கும். பயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் எழுதியதை நான் பிழை திருத்தியபோது தெரிந்துகொண்டதுதான். இவர்களிடம் தனித்தனியாகக் கேட்டேன்: "பயம் எப்படி வந்துச்சு?"

அண்ணன் முதலில் "வரல" என்றார். பிறகு, "அப்புறம் வந்துச்சு. அத அப்புறம் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்காரர், "தெரியல" என்றார். ஆனால் அண்ணன் குறுக்கே புகுந்து ஒன்று சொன்னார். அதைக் கேட்டதும்தான் என் பனிமலை நாவல் செத்தது.

"ஒன் வீட்டுக்காரனுக்குப் பயம் வந்தத நான் எப்படிக் கண்டுபுடிச்சேன் தெரியுமா? என்னைய 'நீங்க'ன்னான்."

அவ்வளவுதான். இத்தனை வருடமாக வாடா போடா என்று பேசிய மனிதர், தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். "மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க." "மச்சான், உங்களுக்கு நீச்சல் தெரியும்ல?" நடுங்கவில்லை, அழவில்லை. குரல்கூட மாறவில்லை. வினைச்சொல்லின் வால் மட்டும் மாறிவிட்டது.

பயத்தை எங்கேயெல்லாமோ தேடிக்கொண்டிருந்தேன். அது விகுதியில் உட்கார்ந்திருக்கிறது.

6

வக்கீலுக்கு நீச்சல் தெரியாது. பக்தருக்குத் தெரியும்.

மருந்துத் தண்ணீர் கொண்டுவந்த பிளாஸ்டிக் கேன் காலியாக மிதந்தது. பக்தர் அதன் மூடியை இறுக்கி வக்கீலின் நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, "கட்டிப் புடிச்சுக்கோ. பொண்டாட்டின்னு நெனச்சுக்கோ" என்றார். [என் அண்ணன். என்னத்தைச் சொல்ல.] தண்ணீர் கழுத்துக்கு வந்தது. வக்கீல் கால் பெருவிரலில் நின்றான். பிறகு பெருவிரலும் எட்டவில்லை.

தரை போன அந்த நொடியைத் தன்னால் சொல்ல முடியாது என்கிறார் வீட்டுக்காரர். நானும் எழுதப் பார்த்தேன். "அவனுக்குக் கீழே ஒன்றுமில்லை" என்று எழுதினேன். தண்ணீர் இருந்ததே. "அவனுக்குக் கீழே தண்ணீர் மட்டும்" என்று எழுதினேன். அதுவும் இல்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

குழாயிலிருந்து விழும் தண்ணீர் காதை அடைத்தது. மருந்து வாடையில் கண் எரிந்தது. அந்த இரைச்சலுக்கு மேல் பக்தர் கத்தினார். முணுமுணுப்பு இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் ஆளைத் தெருவிலிருந்து கூப்பிடுவதுபோல ஒரு கத்தல்.

"கடவுளே! தண்ணிய நிறுத்து! இப்பவே நிறுத்து!"

நின்றது.

குழாய் ஒரு தடவை இருமியது. கடைசியாக ஒரு கை தண்ணீரைத் துப்பியது. அப்புறம் தொட்டிக்குள் அப்படி ஓர் அமைதி. வெளியே ரோட்டில் வண்டிகளின் ஹாரன்கூடக் கேட்டது.

என் நாவலாக இருந்தால் அத்தியாயத்தை இங்கேயே முடித்திருப்பேன்.

7

"பாத்தியா?" என்றார் பக்தர். அழுதாரா என்று தெரியாது. கண் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் போயிருக்கு மச்சான்" என்றான் வக்கீல்.

"எப்படிப் போச்சு?"

"எப்பவும் போற மாதிரிதான் போச்சு."

இருவரும் சேர்ந்து கத்தினார்கள். மோட்டார் சத்தம் இல்லாததால் இப்போது கேட்கும் என்று நினைத்தார்கள். கேட்கவில்லை. தொண்டை கட்டியதும் நிறுத்தினார்கள். அப்போதுதான் வக்கீல் அண்ணாந்து பார்த்தான். சதுரமான வெளிச்சம், அதில் ஒரு துண்டு வானம். கைக்கு எட்டாத உயரம். கீழே கால் எட்டாத ஆழம்.

அவனுக்கு விஷயம் புரிந்தது. மெதுவாகச் சொன்னான்:

"மச்சான், தண்ணி நம்மள மேல தூக்கிட்டுத்தாங்க வந்துச்சு."

"என்ன?"

"ஏறிக்கிட்டே இருந்திருந்தா கூரைக்குப் போயிருப்போம். கை எட்டியிருக்கும். நீங்க பாட்டுக்கு நிறுத்துன்னுட்டீங்க."

பக்தர் அண்ணாந்து பார்த்தார். சுற்றிப் பார்த்தார்.

அண்ணன் 'அப்புறம் சொல்றேன்' என்றாரே, அந்தப் பயம் அவருக்கு அங்கேதான் வந்ததாம். தண்ணீரைக் கண்டு இல்லை. "நான் கேட்டேன், குடுத்துட்டான். நான் தப்பாக் கேட்டிருக்கேன். அதையும் குடுத்துட்டான். அப்படின்னா என் வாயில இருந்து எது வந்தாலும் நடக்கும். அத நெனச்சதும் பல்லக் கடிச்சு வாய மூடிக்கிட்டேன்."

[நான் இதை என் சொந்த மூளையிலிருந்து எழுதியிருக்கவே முடியாது. கேட்டது கிடைக்காமல் போனால் பக்தன் பயப்படுவான் என்றுதான் நினைத்திருந்தேன்.]

"சரி, திருப்பிக் கேளுங்க" என்றான் வக்கீல்.

"எதை?"

"தண்ணிய விடச் சொல்லிக் கேளுங்க."

"எப்படிடா கேக்கறது? இப்பத்தான் குடுத்தான். குடுத்த சூடு ஆறல, அதுக்குள்ள வேணாம்னு சொல்றதா? கடைக்காரன்கிட்டகூட அப்படிச் செய்ய மாட்டேன்."

"கடைக்காரன்கிட்ட நீங்க எல்லாத்தையும் மாத்துவீங்க மச்சான். போன வாரம்கூட டார்ச் லைட்ட மாத்துனீங்க."

"அது எரியல."

"இதுவும்தான் எரியல."

இரண்டு பேரும் சிரித்தார்களாம். தொட்டி அந்தச் சிரிப்பையும் திருப்பிக் கொடுத்தது. அது யாரோ பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பதுபோல இருந்ததால் உடனே நிறுத்திவிட்டார்கள்.

"நீ கேளு" என்றார் பக்தர்.

"நானா?"

"நான் கேட்டுக் கேட்டுத் தேஞ்சுபோன ஆளு. நீ இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்ல. உன் குரல் அங்க புதுசா இருக்கும். யாருன்னு திரும்பிப் பாப்பான்."

"மேல இருக்கறவன் திரும்பிப் பாத்து என்ன ஆகப்போகுது? கீழ இருக்கறவன் சுவிட்சப் போடணும்."

"ரெண்டு பேர்ல யாரையாவது கேளேன்!"

வக்கீல் கேட்கவில்லை. கேன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தான். தண்ணீரின் குளிர் எலும்பில் ஏறிவிட்டது. வெளிச்சச் சதுரம் மஞ்சளாகி, அப்புறம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. ஒரு கையால் வக்கீலையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டிருந்த பக்தருக்கு ஆடுசதை பிடித்து இழுத்தது. அவர் முங்கினார். கேனோடு சேர்த்து வக்கீலையும் இழுத்துவிட்டார். இருவரும் இருமிக்கொண்டு மேலே வந்தார்கள்.

அந்தக் கேன் ஒரு ஆளைத்தான் தாங்கும். அதை இருவரும் அப்போது பார்த்துவிட்டார்கள். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலுக்கு ஓய்வு கொடுக்கப் பக்தர் மல்லாந்து மிதந்தார். மல்லாந்து மிதக்கும்போது காது இரண்டும் தண்ணீருக்குள் போய்விடும். தன் மூச்சு மட்டும்தான் பெரிதாகக் கேட்கும். அப்படி மிதந்தவர், வக்கீலின் வாய் அசைவதைக் கடைக்கண்ணால் பார்த்தார். அவன் முகம் மேலே திரும்பியிருந்ததா, தன் பக்கம் திரும்பியிருந்ததா என்று அவருக்கு நிச்சயமில்லை. சட்டென்று தலையைத் தூக்கினார். வாக்கியம் முடிந்துகொண்டிருந்தது. வால் மட்டும்தான் காதில் விழுந்தது.

"…டுங்க."

8

தண்ணீர் வந்தது.

"சொன்ன உடனே" என்கிறார் அண்ணன். "எங்க உடனே? நடுவுல எவ்வளவோ நேரம்" என்கிறார் வீட்டுக்காரர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

குழாய் இருமியது, காற்று வந்தது, பிறகு அதே தொடை கனம், அதே இரைச்சல். இந்தத் தடவை அந்த இரைச்சலைக் கேட்டு இருவரும் கூச்சல் போட்டார்கள். தண்ணீர் அவர்களைக் கூரை பக்கம் தூக்கியது. கூரை நெருங்க நெருங்க வேறொரு பயம் வந்தது: தலைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் இருக்கும் காற்று மெலிந்துகொண்டே வந்தது. பக்தர் வக்கீலைத் தள்ளித் தள்ளித் திறப்புக்கு நேராகக் கொண்டுவந்தார். விளிம்பைப் பிடித்துத் தொங்கி, ஒரே எம்பலில் வெளியே போய் விழுந்தார். வக்கீலுக்கு ஒரு நொடி திறப்பில் யாருமே தெரியவில்லை. அந்த நொடியைப் பற்றியும் வீட்டுக்காரர் பேசுவதில்லை. பிறகு ஒரு கை உள்ளே வந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தது.

கூரையின் சிமெண்டு வெயில் பட்ட சூட்டோடு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. இரண்டு பேரும் அதில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தார்கள். பையையும் செருப்பையும் மறந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்கள்.

மத்தியான மோட்டார்காரர் அறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட இரண்டு உருவங்கள் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் கிளாஸைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தொட்டிக்குள்ளயா இருந்தீங்க? உள்ளயா? நான் மோட்டார் போட்டப்பவா?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். என் வீட்டுக்காரர்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நானும் போய் அவரைப் பார்த்தேன். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது: கரண்ட் வந்ததும் மோட்டாரை ஏன் போட்டார்?

"போட்டிருக்க மாட்டேங்க" என்றார். "கரண்ட் வந்து வந்து போச்சு. அந்த நேரத்துல போட்டா மோட்டார் காயில் எரிஞ்சுடும். காலைல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அப்பத்தான் மூணாவது மாடி அம்மா போன் பண்ணித் திட்டுனாங்க. பைப்புல சொட்டுத் தண்ணி இல்லன்னு. அவங்க திட்டுக்குப் பயந்துதான் போட்டேன்."

மூன்றாவது மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு என்னைவிட வயது அதிகம். இடுப்பில் துண்டு, கையில் கரண்டி.

"நான் போன் பண்ணேனா? அன்னிக்கா?" என்று யோசித்தார். "ஞாபகம் இல்லையேம்மா. நான் தெனமும்தான் பண்றேன். தண்ணி வரலன்னாலும் திட்டுவேன், வந்தா லேட்டா வந்துச்சுன்னு திட்டுவேன். திட்டலன்னா அந்த ஆளு தூங்கிடுவான்."

நடந்ததைச் சொன்னேன். நல்ல செய்திதானே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்குச் சோம்பலா இருந்திருந்தா?"

கீழே வைத்த கரண்டியை அவர் திரும்ப எடுக்கவில்லை.

"போன்ல சார்ஜ் இல்லாம இருந்திருந்தா?" என்றார். "நீ இத எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்மா. இனிமே ஒவ்வொரு தடவ போன எடுக்கறப்பவும் தொட்டிக்குள்ள யாராவது இருக்காங்களான்னு தோணும்."

இந்தச் சந்திப்பைக் கதையில் வைப்பதா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். வேண்டுதலைக் கேட்டது யார் என்ற கேள்விக்கு இது பதிலா, இல்லை கேள்வியை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதா? எடுத்துவிட்டுப் பார்த்தேன், கதை சுலபமாகிவிட்டது. அதனாலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

9

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் "…டுங்க" என்றுதான் முடியும்.

அண்ணன் சொல்லும் முடிவு: அது வேண்டுதல். "தண்ணிய விட்டுடுங்க." கடவுளிடம் சொன்னது. "கடவுள யாராவது 'நீங்க'ன்னு கூப்பிடுவாங்களாண்ணே? நீ, வா, தான்னுதானே கேப்போம்?" என்று மடக்கினேன். அண்ணன் அசரவில்லை. "நமக்குப் பழக்கம், நாம நீன்னுவோம். அவன் மொத மொதலாப் பேசறான். அறிமுகம் இல்லாத ஆளுகிட்ட மரியாதையாத்தான பேசணும்?" என்றார். இதைவிட நல்ல பதிலை எந்த நாவலிலும் நான் திருத்தியதில்லை.

இரண்டாவது முடிவு, வக்கீலின் குணத்துக்குப் பொருந்துவது: "மோட்டாரப் போட்டுடுங்க." கீழே இருக்கிற மனிதனிடம், கேட்காது என்று தெரிந்தே சொன்னது. காதில் விழாத ஒருவனிடம் கெஞ்சுவதற்கு வேறு பெயர் இருக்கிறதா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

மூன்றாவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அத்தனை நேரமும் வக்கீல் 'நீங்க' என்று சொன்னது ஒரே ஒரு ஆளைத்தான். கேன் ஒருவரைத்தான் தாங்கும். மச்சானுக்கு ஆடுசதை பிடித்திருக்கிறது. "என்னைய விட்டுடுங்க."

மூன்றையும் எழுதி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அண்ணன் முதல் முடிவுக்குத் தலையாட்டினார். இரண்டாவதுக்கு உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதைப் படித்தபோது நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான்?" என்றார் அண்ணன். இவர் திரும்பவில்லை. அண்ணன் வேறெதுவும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிடும்வரை இவர் பக்கத்திலேயே, தோள் உரச, உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் இப்போதும் தினமும் கும்பிடுகிறார். ஆனால் எதுவும் கேட்பதில்லையாம். போய் நிற்கிறார், இருக்கிறேன் என்று காட்டிவிட்டுத் திரும்பி வருகிறார். "ஏண்ணே?" என்றால், "கேக்கறதுக்குப் பயமா இருக்கு. கேட்டா குடுத்துடறான்" என்கிறார். அவருக்குப் பக்தி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகம் முன்பைவிட அமைதியாக இருக்கிறது. அது மட்டும் தெரிகிறது.

என் வீட்டுக்காரர் கும்பிடுவதில்லை. மண்டியிடவும் இல்லை, மேகம் விலகவும் இல்லை. அண்ணனிடம் பழையபடி வாடா போடாதான். மூன்றாவது ஆள் இல்லாமல் எந்தத் தொட்டியிலும் இறங்குவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

முடிவை எழுதாமல் இந்தக் கதையை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆகவே நேற்றுக் காலை, புதிதாக வாங்கிய கயிற்று ஏணியைக் கூடத்தில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரின் எதிரில் போய் உட்கார்ந்தேன். பேனாவும் கையுமாக.

"ஒரே ஒரு வார்த்தைதான் வேணும்" என்றேன். "அங்க என்ன சொன்னீங்க? சொல்லிட்டா கதை முடிஞ்சிடும்."

அவர் ஒரு முடிச்சை இழுத்தார். இறுகியிருந்தது. அடுத்ததுக்குப் போனார். அதையும் இழுத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"விட்டுடு" என்றார்.

கேள்வியை விடச் சொன்னாரா, கேள்விக்குப் பதில் சொன்னாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஏணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "கெட்டியாப் புடி" என்றார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அது அங்கேயே கிடக்கிறது. இனி உங்கள் பாடு.